ஆறு பேர் தூக்கும் இரும்பு

பத்தடி நீளம். ஐந்தடியை ஓர் அங்குலம் தாண்டும் உயரம். மேலும் கீழும் தண்டுகள், நடுவே சாய்வாக ஓடும் சட்டங்கள், முனைகளில் ஆணி செருகத் துளைகள். எடை 570 பவுண்டு, நம் கணக்கில் ஏறத்தாழ 260 கிலோ. இந்த இரும்புச் சட்டகத்துக்குப் பெய்லி பேனல் என்று பெயர். ஆறு பேர் சேர்ந்தால் தூக்கிவிடலாம். ஆளுக்கு நாற்பத்து மூன்று கிலோதான் வரும். மும்பை வடாலாவில் லாரி நிற்கும் இடத்தில் ஒரு தொழிலாளி தனியாளாக முதுகில் ஏற்றும் அரிசி மூட்டையைவிடக் குறைவு. ஆறு பேர் தூக்க முடியவேண்டும், சாதாரண ராணுவ லாரியில் அடங்கவேண்டும், இரண்டும் முடியாவிட்டால் அது எனக்கு வேண்டாம் என்பதுதான் இதை வரைந்தவர் தமக்கே விதித்துக்கொண்ட நிபந்தனை. எண்பது ஆண்டு கடந்தும் அந்த நிபந்தனை தளரவில்லை. துனீசியாவில் கிடந்த அதே இரும்பின் வாரிசை வயநாட்டிலும் பார்க்க முடிகிறது என்றால் காரணம் அதுதான்.

நான் குடியிருப்பது மும்பையின் ஆண்டாப் ஹில்லில். போர்க்காலத்து இரும்பைப் பற்றி இங்கிருந்து எழுத என்ன இருக்கிறது என்று கேட்கலாம். எங்கள் பக்கத்தின் கிடப்பைச் சொன்னால் புரியும். மேற்கே ஹார்பர் லைன் ரயில் பாதை. கிழக்கே துறைமுகத்தின் சரக்குப் பாதை. அதைத் தாண்டினால் உப்பளம், சதுப்பு, கழிமுகம். நடுவில் அகப்பட்ட நிலத்தில் ஒருபுறம் மத்திய அரசு ஊழியர்களின் சி.ஜி.எஸ். குவார்ட்டர்ஸ், மறுபுறம் நெருக்கியடித்த ஜோப்பட்பட்டிக் குடிசைகள். இரண்டிலும் தமிழ் கேட்கும். ஒன்றில் பென்ஷனைப் பற்றி, மற்றொன்றில் அன்றைய கூலியைப் பற்றி. தென்னிந்தியர் நடத்தும் பள்ளிக்கூடங்கள், மாட்டுங்கா மார்க்கெட், சயான் ஆஸ்பத்திரி, பரேலில் இருக்கும் கே.இ.எம்., டாடா ஆஸ்பத்திரி எல்லாம் லைனுக்கு அந்தப் பக்கம். மலைக்கிராமத்துக்கு ஆறு செய்வதை எங்களுக்கு 1910 முதல் ரயில் பாதை செய்துவருகிறது. படி ஏறினால் முட்டி போகும், லைன் தாண்டினால் உயிர் போகும் என்பது இங்கே வழங்கும் பேச்சு. வெறும் பேச்சில்லை. மும்பைப் புறநகர் ரயில் பாதைகளில் லைன் தாண்டி அடிபட்டுச் சாகிறவர்கள் பல ஆண்டுகளில் ஆயிரத்தைத் தாண்டியிருக்கிறார்கள். ஆகவே நடந்து கடக்க ஒரு பாலம் என்பது ஏதோ காட்டுக்குள் இருக்கிறவர்களின் கோரிக்கை என்று எங்களால் நினைக்க முடியாது.

இனி அந்த இரும்பின் கதை.

டொனால்ட் பெய்லி 1901-இல் இங்கிலாந்தின் ரோதர்ஹாமில் பிறந்தவர். இரும்பு உருக்கும் ஊர். பக்கத்து ஷெஃபீல்டில் படித்துவிட்டு, கிறைஸ்ட்சர்ச் என்ற ஊரில் ராணுவத்துக்குப் பாலம் சோதித்துப் பார்க்கும் நிலையத்தில் சிவில் ஊழியராகச் சேர்ந்தார். சீருடை கிடையாது, பெரிய பதவியும் கிடையாது. இரண்டாம் உலகப்போர் தொடங்கியபோது டாங்கிகளின் எடை ஏறிக்கொண்டே போனது. கையிருப்பில் இருந்த பாலங்கள் அதைத் தாங்கவில்லை. 1940-இல் அப்படி ஒரு பாலம் சோதனையில் தோற்றது. அதைப் பார்த்துவிட்டுக் காரில் திரும்பும் வழியில், ஒரு பழைய கடித உறையின் முதுகில் பெய்லி இந்தச் சட்டகத்தைக் கிறுக்கிக் காட்டினார் என்பது வரலாறு.

அவர் வரைந்தது பாலத்தை அல்ல, பாலத்தின் ஒரு துண்டை. அவர் மூளை அங்கேதான் வேலை செய்தது. ஆறு எவ்வளவு அகலம், மேலே போவது மனிதனா டாங்கியா என்று முன்கூட்டித் தெரியாது. எனவே எல்லாவற்றுக்கும் ஒரே துண்டு. நீளம் வேண்டுமானால் துண்டுக்குப் பின் துண்டாக ஆணியடித்து நீட்டு. பலம் வேண்டுமானால் பக்கத்தில் இன்னொரு வரிசை வை. அதுவும் போதாதா, மூன்றாவது வரிசை. அல்லது தலைக்கு மேல் ஒரு மாடி. எந்தத் துண்டு எங்கே போனாலும் பொருந்தும், உடைந்தால் அந்தத் துண்டை மட்டும் மாற்றலாம். பெரும் ஆலைகள் மட்டுமின்றி, வாழ்நாளில் பாலமே செய்திராத சிறு பட்டறைகளும் இதைச் செய்தன. போர் முடிவதற்குள் ஏறத்தாழ ஏழு லட்சம் பேனல்கள் வெளிவந்துவிட்டன.

அதை ஆற்றின் மேல் ஏற்றும் விதம் பேனலைவிடக் கெட்டிக்காரத்தனமானது. எதிர்க்கரையிலிருந்து யாரும் இழுக்கவேண்டியதில்லை; எதிர்க்கரை எதிரியின் கையில் இருந்தபோது தோன்றிய யோசனையல்லவா! நம் கரையில் உருளைகளை வரிசையாகப் பதிப்பார்கள். அவற்றின் மேல் பாலத்தைக் கட்டுவார்கள். முன்பக்கம் தளம் போடாத, எடை குறைந்த ஒரு மூக்கு. பின்பக்கம் முழு எடையுள்ள பாலம். பின்புறம் கனமாக இருப்பதால் மூக்கு ஆற்றின் மேல் அந்தரத்தில் நீளும், கவிழாது. துண்டு சேர்ப்பதும் தள்ளுவதுமாக, மூக்கு எதிர்க்கரையைத் தொடும்வரை வேலை நடக்கும். தொட்டபின் பாலமே எதிர்க்கரை சேரும்வரை தள்ளி, மூக்கைக் கழற்றிவிட்டு, பாலத்தை ஜாக்கி வைத்து இறக்கி, பலகை அடித்தால் வண்டி போகலாம். மூக்கின் நுனி எடையால் சற்றுத் தாழும் என்பதால் அதைக் கொஞ்சம் மேல்நோக்கி வளைத்துக் கட்டத் தனித் துண்டுகூட உண்டு. வெல்டிங் இல்லை, கான்கிரீட் காயக் காத்திருப்பு இல்லை. ஆணி, சுத்தியல், தோள்.

1942 நவம்பரில் துனீசியாவில் முதல் பெய்லி பாலம் போர்முனையில் நின்றது. இத்தாலியில் பின்வாங்கிய ஜெர்மானியர்கள் பாலம் பாலமாகத் தகர்த்துக்கொண்டே போக, பின்தொடர்ந்தவர்கள் ஆயிரக்கணக்கில் பெய்லி பாலங்களை இட்டு நிரப்பினார்கள். இது இல்லாமல் போரை வென்றிருக்க முடியாது என்ற பொருளில் பிரிட்டிஷ் தளபதி மாண்ட்கோமரி பிறகு எழுதினார். 1946-இல் பெய்லிக்கு ‘சர்’ பட்டம் கிடைத்தது. நியூசிலாந்துக்காரரான ஹாமில்டன் என்ற பொறியாளர், துண்டுகளை இணைத்துப் பாலம் செய்யும் தன் யோசனையை எடுத்துக்கொண்டார்கள் என்று வழக்காடி இழப்பீடு வாங்கினார் என்பதையும் சொல்லியாக வேண்டும். எந்தக் கண்டுபிடிப்புக்கும் ஒரே அப்பன் இருந்ததாகச் சரித்திரம் இல்லை.

நம்மவர்கள் உள்ளே வரும் இடம் இது. 1780-இல் தொடங்கிய மதராஸ் சாப்பர்ஸ் என்னும் ராணுவப் பொறியாளர் படைக்கு இன்று மெட்ராஸ் எஞ்சினியர் குரூப் என்று பெயர், தலைமையிடம் பெங்களூரு. அந்தப் படைவீரனை இந்திய ராணுவம் முழுக்கத் ‘தம்பி’ என்றே அழைக்கும். அவன் தெலுங்கனோ மலையாளியோ கன்னடனோ, எல்லாரும் தம்பிதான். அந்தத் தம்பிகள் இத்தாலியிலும் பர்மாவிலும் பாலம் போட்டார்கள், கண்ணிவெடி எடுத்தார்கள். காஞ்சிபுரம் பக்கத்துச் சுபேதார் சுப்பிரமணியம் 1944 பிப்ரவரியில் இத்தாலியில் வெடிக்கவிருந்த கண்ணியின் மேல் தானே விழுந்து உடனிருந்தவர்களைக் காப்பாற்றி மடிந்தார். அவருக்கு ஜார்ஜ் கிராஸ் அளித்தார்கள். பாலத்தின் சரித்திரத்தில் பெய்லி என்ற பெயர் இருக்கிறது, இரும்பைத் தூக்கிய தோள்களுக்குப் பெயர் இல்லை. அதனால் ஒரு பெயரையாவது இங்கே எழுதிவைக்கிறேன்.

பர்மாவில் சிந்த்வின் ஆற்றங்கரையில் கலேவா என்று ஓர் ஊர். 1942-இல் ஜப்பானியர் வந்தபோது பர்மாவிலிருந்து கால்நடையாக இந்தியாவுக்குத் தப்பியவர்களில் ஒரு பெரும் பகுதியினர் கலேவா, தமு வழியாகத்தான் மணிப்பூருக்கு நடந்தார்கள். ரங்கூனில் மூட்டை தூக்கிய, கடை வைத்திருந்த, வட்டிக்கு விட்ட தமிழர்கள் அதில் எத்தனையோ பேர்; வழியிலேயே காலராவுக்கும் பசிக்கும் விழுந்தவர்களும் உண்டு. அவர்கள் ஆற்றைக் கடக்க ஒருவரும் பாலம் போடவில்லை. இரண்டரை ஆண்டு கழித்து, 1944 டிசம்பரில், நேசநாட்டுப் படை எதிர்த்திசையில் போகவேண்டி வந்தது. அதே கலேவாவில் 1,154 அடி நீளத்துக்கு மிதவைகளின் மேல் பெய்லி பாலம் எழும்பியது. அன்றைக்கு அந்த வகையில் உலகிலேயே நீளமானது. அகதிக்குக் கிடைக்காத பாலம் டாங்கிக்குக் கிடைத்தது. இரும்பின் மேல் குற்றமில்லை; எதற்காகப் பாலம் போடுவது என்று தீர்மானிப்பவர் யார் என்பதுதான் விஷயம். தமுவுக்கும் கலேவாவுக்கும் இடையே உள்ள சாலையில் 69 பழைய பாலங்களை மாற்றிக்கட்டும் வேலையை இந்தியா ஏற்றுக்கொண்டபோது, போர்க்காலத்தில் ‘தற்காலிகமாக’ப் போட்டவை அந்தச் சாலையில் அப்போதும் வண்டி சுமந்துகொண்டிருந்தன.

போர் முடிந்ததும் பேனலுக்கு வேலை குறையவில்லை, முதலாளி மாறினார். வெள்ளம், நிலச்சரிவு, இடிந்த பாலம். இந்தியாவில் இதைச் செய்து தருவது கொல்கத்தாவின் கார்டன் ரீச் கப்பல் கட்டும் நிறுவனம். போர்க்கப்பல் கட்டுகிறவர்கள் மலையோடைக்குப் பாலம் செய்கிறார்கள்! எல்லைச் சாலைகள் நிறுவனம் இமயமலை நெடுக இதைத்தான் நம்பி இருக்கிறது. 1982-இல் லடாக்கின் மலைகளில் மிக உயரத்தில் ராணுவம் ஒரு பெய்லி பாலம் அமைத்தது. 1996-இல் பம்பை ஆற்றின் மேலிருந்த ரான்னிப் பாலம் இடிந்தபோது வந்ததும் இதுதான். சபரிமலை சென்றவர்கள் சன்னிதானத்தில் பெய்லி பாலம் என்ற பெயரைக் கேட்டிருப்பார்கள். கூட்டத்தைப் பிரித்து இறக்குவதற்காக 2011-இல் ராணுவம் கட்டித் தந்த நடைபாலம் அது. 2010-இல் டில்லியில் காமன்வெல்த் போட்டிக்குச் சில நாள் முன்பு, நேரு மைதானத்தருகே புத்தம்புது நடைபாலம் சரிந்து தேசத்தின் மானம் போனபோதும் ராணுவத்தைத்தான் கூப்பிட்டார்கள். சில நாட்களில் பெய்லி பாலம் நின்றது.

இந்த வரிசையில் ஒன்றைக் கவனிக்கலாம். இமயமலைப் பாலங்களை விட்டால், எதுவும் விபரீதத்துக்கு முன்னால் வரவில்லை.

2017 செப்டம்பர் 29, வெள்ளிக்கிழமை. மறுநாள் தசரா. காலை பத்தரை மணி இருக்கும். மத்திய ரயில்வேயின் பரேல் நிலையத்தையும் மேற்கு ரயில்வேயின் எல்ஃபின்ஸ்டன் ரோடு நிலையத்தையும் சேர்க்கும் குறுகிய நடைமேம்பாலத்தின் படிக்கட்டில் மழைக்கு ஒதுங்கியவர்கள் நகரவில்லை; அடுத்தடுத்து வந்த ரயில்கள் இறக்கிவிட்டவர்கள் பின்னாலிருந்து ஏறினார்கள். நெரிசலில் 23 பேர் இறந்தார்கள். மில் காலத்தில் தொழிலாளிகளுக்காக அமைந்த நிலையம் அது. மில்கள் போய் அந்த நிலத்தில் கண்ணாடிக் கட்டடங்களும் அலுவலகங்களும் வந்தன, வந்துபோகும் கூட்டம் பன்மடங்கானது, படிக்கட்டு மட்டும் அதே அகலத்தில் இருந்தது. எங்கள் பக்கத்திலிருந்து அந்த அலுவலகங்களில் வேலைசெய்யும் பையன்கள், கூட்டிப் பெருக்கும் பெண்கள் அன்றைக்கு வீட்டுக்குப் போன் பண்ணி உயிரோடிருப்பதைச் சொல்ல முடியாமல் லைன் கிடைக்காதிருந்த மத்தியானத்தை இங்கே பலர் மறக்கவில்லை. விசாரணை நடத்திய ரயில்வே, காரணம் கனமழை என்று எழுதியது.

மழையா? புது நடைமேம்பாலத்துக்கு அதற்கு முன்பே அனுமதி கிடைத்து, அது காகிதத்தில் நின்றுகொண்டிருந்தது. எம்.பி.க்கள் கடிதம் எழுதியிருந்தார்கள். ஏன் நின்றது என்பதற்கான விடை, விபத்துக்கு மறுநாள் ரயில்வே அமைச்சர் பியூஷ் கோயல் வெளியிட்ட ஓர் உத்தரவிலேயே இருக்கிறது. அதுவரை நிலையத்தில் ஒரு நடைமேம்பாலம்தான் அவசியம். அதற்கு மேல் கட்டுவதெல்லாம் ‘பயணிகள் வசதி’ என்ற கணக்கில் வரும். குடிநீர்க் குழாய், மின்விசிறி, பெஞ்சு, அவற்றோடு பாலம். பணம் மிஞ்சினால் வசதி செய்வார்கள். இனி நடைமேம்பாலம் வசதி அல்ல, கட்டாயம் என்று 2017-இல் மாற்றினார்கள். நூறாண்டுக்கு மேலாக இருந்த வழக்கத்தை மாற்றுகிறோம் என்று பெருமையோடு சொன்னார்கள். ஒரு பைலில் ஒரு தலைப்பை மாற்ற 23 பேர் சாகவேண்டியிருந்தது என்று நான் படித்துக்கொண்டேன்.

அக்டோபர் 31 அன்று கோயலும், பாதுகாப்பு அமைச்சராக இருந்த நிர்மலா சீதாராமனும், முதல்வர் ஃபட்னவீசும் எல்ஃபின்ஸ்டன் ரோட்டுக்கு வந்தார்கள். பாலத்தை ராணுவம் கட்டும் என்றார்கள். அது மட்டுமல்ல, கர்ரி ரோட்டிலும் ஆம்பிவிலியிலும் கூட. ஜனவரி 31-க்குள் முடியும் என்று கெடு வைத்தார்கள். உடனே சண்டையும் தொடங்கியது. பஞ்சாப் முதல்வராக இருந்த அமரீந்தர் சிங், தாமும் முன்னாள் ராணுவ அதிகாரி என்பதால், போருக்குப் பயிற்சி பெற்றவர்களை நகராட்சி வேலைக்கு இழுக்காதீர்கள் என்ற தொனியில் கண்டித்தார். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. எல்லையில் ஆள் வேண்டும் என்பது ஒரு பக்கம். சிவில் நிர்வாகம் தன்னால் ஆகாது என்று கைகழுவப் பழகிவிடும் என்பது இன்னொரு பக்கம். ஆனால் எல்ஃபின்ஸ்டன் ரோட்டில் இறங்குகிறவன் இந்த விவாதத்தில் எந்தக் கட்சியில் சேருவான்? யார் கட்டினாலும் சரி, கட்டுங்கள் என்பான்.

புனேயின் பம்பாய் சாப்பர்ஸ் பொறியாளர் படையினர் வந்தார்கள். ஆற்றங்கரையில் பாலம் போடுவதைவிட இது சிக்கல். உருளை வைத்துத் தள்ள இடம் இல்லை, கீழே உயர் அழுத்த மின்கம்பி, சில நிமிடத்துக்கு ஒரு லோக்கல். ரயிலை நிறுத்திவைக்கும் ‘பிளாக்’ நேரத்துக்குள் இரும்பை மேலே ஏற்றியாக வேண்டும். 73 மீட்டர் நீளத்தில், 3.65 மீட்டர் அகலத்தில், பெய்லி வகைப் பாலம் 2018 பிப்ரவரி 27 அன்று திறந்தது. சொன்ன கெடுவைவிட நான்கு வாரம் தாமதம். ஆண்டுக்கணக்கில் பைலில் கிடந்தது நான்கு மாதத்தில் தலைக்கு மேல் நின்றபிறகு அந்த நான்கு வாரத்தைப் பற்றி மும்பையில் ஒருவரும் பேசவில்லை. அந்த ஜூலையில் நிலையத்தின் பெயரை பிரபாதேவி என்று மாற்றினார்கள்.

ராணுவம் வந்துபோனால் நகரத்தின் பாலங்கள் திருந்திவிடும் என்று நினைத்தால் அதுவும் நடக்கவில்லை. 2018 ஜூலையில் அந்தேரியில் கோகலே பாலத்தின் நடைபாதை தண்டவாளத்தின் மேல் விழுந்தது. எல்லாப் பாலங்களையும் தணிக்கை செய்தார்கள். அந்தத் தணிக்கையில் சிறு பழுதுபார்ப்பு போதும் என்று தேறிய சி.எஸ்.எம்.டி. அருகிலிருந்த ஹிமாலயா நடைபாலம் 2019 மார்ச் 14 மாலையில், வீடு திரும்புகிற நேரத்தில், ஆட்களோடு இடிந்தது.

பேனலின் பயணத்தில் அடுத்த ஊர் சூரல்மலை. 2024 ஜூலை 30 விடியற்காலை வயநாட்டின் வெள்ளரிமலைச் சரிவு உடைந்து முண்டக்கை, சூரல்மலை என்ற இரண்டு தேயிலைத் தோட்ட ஊர்களை அடித்துக்கொண்டு போனது. இரண்டையும் சேர்த்த ஒரே பாலமும் போயிற்று. முண்டக்கைப் பக்கம் மண்ணுக்கடியில் மனிதர்கள், ஜே.சி.பி.யும் ஆம்புலன்சும் சூரல்மலைப் பக்கம். நடுவில் கலங்கி ஓடும் ஆறு. கயிற்றைக் கட்டி, அதில் தொங்கி, காயம்பட்டவர்களை இக்கரைக்குக் கொண்டுவந்தார்கள். முதலில் ஆள் மட்டும் கடக்க ஒரு தற்காலிக நடைபாலம் போட்டார்கள். பிறகு மெட்ராஸ் எஞ்சினியர் குரூப் வந்தது. பேனல்கள் பெங்களூரிலிருந்து லாரியிலும், டில்லியிலிருந்து விமானத்தில் கண்ணூருக்கும் வந்து, குறுகிய மலைச்சாலையில் வளைந்து வளைந்து ஏறின. இறக்கிவைக்கவே இடம் இல்லாத நிலம். 190 அடியை ஒரே தாவலில் தாண்ட முடியாது என்பதால் ஆற்றின் நடுவே ஒரு தாங்கி எழுப்பினார்கள். ஜூலை 31 காலை தொடங்கி, கொட்டும் மழையில் இரவு முழுக்க நின்று, ஆகஸ்ட் 1 மாலை முடித்தார்கள். முப்பது மணி நேரத்தை ஒட்டிய வேலை. 24 டன் தாங்கும் பாலம்.

அந்தக் குழுவில் முன்னின்றவர் மேஜர் சீதா ஷெல்கே. மகாராஷ்டிரத்தில் அப்போது அகமத்நகர் எனப்பட்ட மாவட்டத்துக்காரர். பெரும்பாலும் ஆண்களே உள்ள படையில் மராத்தியப் பெண் ஒருவர் தம்பிகளுக்குத் தலைமை தாங்கி, கேரளத்தில், வெள்ளைக்காரர் வரைந்த பாலத்தை எழுப்பினார். பாலத்தின் கைப்பிடியில் கைவைத்து அவர் நிற்கும் படம் நாடெங்கும் போனது. படத்தில் எனக்குப் பிடித்தது அவர் காலடியில் கிடக்கும் சேறு. இறந்தவர்கள் எண்ணிக்கை இருநூற்றைம்பதைத் தாண்டியது. பாலம் அவர்களைத் திருப்பித் தரவில்லை. தேடும் இயந்திரங்களை அக்கரை சேர்த்தது, அவ்வளவுதான். நிரந்தரப் பாலம் வரும்வரை அது அங்கேயே இருக்கட்டும் என்று ராணுவம் விட்டுவிட்டு வந்தது.

2025 நவம்பர் கடைசியில் தித்வா புயல் இலங்கையைப் புரட்டிப்போட்டபோது இந்தியா விமானத்தில் அனுப்பியவற்றில் பெய்லி பாலங்களும் இருந்தன. டிசம்பரில் கிளிநொச்சி மாவட்டத்தில் 120 அடியில் ஒன்று திறந்தது. உள்நாட்டுப் போர்க்காலத்தில் பாலங்கள் தகர்ந்த அந்த மண்ணில், போருக்காகப் பிறந்த இரும்பு பஸ்ஸும் ஆம்புலன்சும் போக நிற்கிறது.

இவ்வளவு புகழ்ந்தபின் இதன் குறையையும் சொல்லவேண்டும். பெய்லி பாலம் வண்டிக்காகப் பிறந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகளும் பிரசவத்துக்குப் போகும் பெண்ணும் பால்கேனும் மட்டுமே கடக்கிற ஓடைக்கு அது அதிகப்படி. சாலையே இல்லாத ஊருக்கு லாரி எப்படிப் பேனலைக் கொண்டுபோகும்? அந்த இடத்துக்கு உரியது கம்பிவடத் தொங்குபாலம். கர்நாடகத்தின் சுள்யாவைச் சேர்ந்த கிரீஷ் பாரத்வாஜ் என்ற மெக்கானிக்கல் எஞ்சினியர் 1989-இல் பயஸ்வினி ஆற்றின் மேல் ஆரம்பூரில் ஊராரோடு சேர்ந்து முதல் தொங்குபாலத்தைக் கட்டினார். அதற்குப் பிறகு நூற்றுக்கு மேல். 2017-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். நேபாளத்தில் இப்படிப்பட்ட மலைப்பாலங்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. நிகரகுவாவில் புரூக்ஸ், டோனவன் என்ற இரு பொருளியலாளர்கள் செய்த ஆய்வு ஒன்று 2020-இல் வெளிவந்தது. வெள்ளம் வரும் வாரங்களில் ஆற்றைக் கடக்க முடியாமல் கூலி விழுந்துபோகும் கிராமங்கள். நடைபாலம் போட்ட ஊர்களில் அந்த வீழ்ச்சி மறைந்துபோனது. விவசாய வருமானமும் ஏறியது, ஏனென்றால் சந்தைக்கும் வேலைக்கும் போகமுடியும் என்று தெரிந்தவன் உரத்தில் துணிந்து பணம் போடுகிறான். பாலத்தின் பயன் கடக்கிற நாளில் மட்டுமில்லை, கடக்க முடியும் என்ற உறுதியிலும் இருக்கிறது. தொங்குபாலத்துக்கும் பராமரிப்பு வேண்டும். பளபளப்பாக்கித் திறந்த சில நாளிலேயே அறுந்து 135 பேரைக் கொன்ற குஜராத்தின் மோர்பி பாலம், பழைய வடத்தை மாற்றாமல் தரையை மட்டும் மாற்றினால் என்ன ஆகும் என்று 2022-இல் காட்டியது.

இரண்டு வகையும் போகாத ஊர்களும் நம்மிடம் இருக்கின்றன. நீலகிரி மாவட்டத்தின் தெங்குமரஹாடா மக்கள் மாயாற்றைப் பரிசலில் கடந்து பஸ் பிடிக்கிறார்கள். பாலம் கேட்டுத் தலைமுறைகள் ஓடிவிட்டன. இடம் புலிகள் காப்பகத்துக்குள் வருவதால் வனத்துறையின் மறுப்புக்குக் காரணம் உண்டு, அதை நான் லேசாகத் தள்ளமாட்டேன். கடைசியில் குடும்பத்துக்கு 15 லட்சம் ரூபாய் கொடுத்து ஊரையே வெளியேற்றும் திட்டம் நீதிமன்றம் வரை போனது. பாலம் கேட்டவர்களுக்குக் கிடைத்த பதில்களில் இதுவும் ஒன்று.

தொழில்நுட்பம் 1941-லேயே தயார். பொருள் கொல்கத்தாவில் கிடைக்கிறது. போடத் தெரிந்த கைகள் புனேயிலும் பெங்களூரிலும் இருக்கின்றன. ராணுவம் ஒன்றரை நாளில் செய்வதைச் சிவில் நிர்வாகம் ஒன்றரை நாளில் செய்யவேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. ஒன்றரை ஆண்டில், சாவு நிகழ்வதற்கு முன்னால், செய்தால் போதும். தாமதம் எஞ்சினியரிங்கில் இல்லை, எந்தக் கணக்கில் எழுதுவது என்ற இடத்தில் இருக்கிறது.

ஹார்பர் லைன் ஓரத்தில், சென்ட்ரல் லைன் ஓரத்தில் குடியிருக்கிற தமிழர்களுக்கு ஒரு வார்த்தை. நீங்கள் தினமும் ஏறும் நடைமேம்பாலம் எந்த ஆண்டு கட்டியது, அகலம் எவ்வளவு, கடைசியாக எப்போது தணிக்கை நடந்தது, அறிக்கையில் என்ன இருந்தது என்ற நான்கு கேள்விகளையும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். ரயில்வேக்குச் சொந்தமான பாலமென்றால் மத்திய ரயில்வேயின் மும்பைக் கோட்டத்துக்கு. சாலைக்கு மேலே என்றால் மாநகராட்சிக்கு, ஆண்டாப் ஹில்காரர்கள் எஃப் நார்த் வார்டு அலுவலகத்துக்கு. கட்டணம் பத்து ரூபாய். முப்பது நாளுக்குள் பதில் தரவேண்டும்.